கோட்டுச்சேரிமேட்டில் ஒரு சிவப்புப் பூ

"கூட யாரும் வரலீங்களா?"

காரைக்காலில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டவர் லாட்ஜ் மேனேஜர். என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். அங்கே ஆண் ஒருவரும் தென்படாததால், திறந்த பதிவேட்டை மறுபடி மூடி வைத்துக்கொண்டார். "தனியாத்தானுங்க வந்தேன்" என்றேன். அறுபத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், சொந்த ஊர் கோயம்புத்தூர் என்று ஆதார் அட்டையும் பென்ஷன் அட்டையும் சேர்ந்து சாட்சி சொன்ன பிறகுதான் சாவி கைக்கு வந்தது. மூன்று நாளில் இதே கேள்வியைப் பதினோரு பேர் கேட்டார்கள். எண்ணிவைப்பது என் தொழில் புத்தி, விடமாட்டேன் என்கிறது.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பழைய ஸ்கூட்டரை விற்க வேண்டும். அதற்கு ஒரே மகன் பிரபுவின் சம்மதக் கையெழுத்து ஒரு படிவத்தில் வேண்டும். பிரபு கோட்டுச்சேரிமேட்டில் இருக்கிறான். கூரியரில் அனுப்பினால் முடிந்தது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அது எனக்கும் தெரியும். கூரியரில் கையெழுத்து வரும், மகன் வரமாட்டான்.

முதல் நாள் மதியம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு ஹோட்டலில் சாப்பிட்டேன். "இன்னும் ஆளு வருதாம்மா, இல எத்தன போட?" என்றார் பரிமாறுகிறவர். அது இரண்டாவது. மீன் குழம்பு நன்றாகவே இருந்தது. எங்கள் ஊருக்குக் கடல் மீன் ஐஸ் பெட்டியில் படுத்துக்கொண்டு வரும், வந்து சேர்வதற்குள் அதற்கே தன் ருசி மறந்திருக்கும். இங்கே மீனில் மீன் ருசி இருக்கிறது. தண்ணீரைப் பற்றி மட்டும் பேச்சே வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு முதல் மடக்கிலேயே முகம் சுளித்தது. சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் பக்கத்து மேஜையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன தொப்பி அது. போனவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

என் வீட்டுக்காரர் விட்டுப்போனது அந்த ஸ்கூட்டர்தான். போன மாதம் அதன் முன் பெட்டியைச் சுத்தம் செய்தபோது, மடித்த கைக்குட்டைக்குள் காய்ந்து சருகாகிப்போன ஒரு அரளிப் பூ இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. வண்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பூவின் கதை ஐந்து வருடத்துக்கு முந்தையது. கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்த பிரபு, அங்கேயே நர்ஸாக இருந்த வேணியைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றான். காரைக்கால் பக்கம், மீன்பிடிக்கிற குடும்பம். நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். வேண்டாம் என்ற பக்கத்தில் பதினான்கு காரணங்கள். வேண்டும் என்ற பக்கத்தில் ஒன்றே ஒன்று, அவனுக்குப் பிடித்திருக்கிறது. "நீயே கூட்டிக் கழிச்சுப் பாரு. ரெண்டு வருஷம் தாங்காது" என்றேன். அவன் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய அப்பா தாள் எடுக்கிற ஆள் இல்லை. விடிந்ததும் குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பூ வாக்குக் கேட்டுவிட்டு வந்தார். எங்கள் பக்கம் அம்மன் மேல் பூவை வைத்து மனதில் கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. "வலது பக்கந்தான் விழுந்துச்சு" என்று அந்த மனிதர் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். "வலது இல்லாட்டி இடது. ரெண்டுல ஒண்ணு. காசச் சுண்டினாலும் அதேதான்" என்றேன். அவர் கையிலிருந்த பூவைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். பிரபு ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டான். நான் அவன் எண்ணை என் போனிலிருந்து அழித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை அழித்து என்ன செய்ய?

அப்பாவின் காரியத்துக்கு வந்தான். கொள்ளி வைத்தான், சாம்பல் கரைத்தான், கிளம்பினான். என்னிடம் பேசியது இரண்டே வார்த்தை. "மாத்திரை போட்டீங்களா?" அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

காரைக்காலில் முதல் நாள் சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். அரசலாறு கடலில் சேருகிற பக்கமாக நிறையக் குடும்பங்கள். சுண்டல் வாங்கினேன். இரண்டு பொட்டலமாகக் கொடுத்தான். ஒன்று போதும் என்றேன். "கூட ஆளு இல்லியா?" மூன்று. அங்கிருந்து மகன் வீடு ஆட்டோவில் அரைமணி நேரம்கூட இருக்காது. போனை எடுத்து எண்ணைப் போட்டேன், அழித்தேன். வீட்டில் தனியாக இருப்பது பழகிவிட்டது. இத்தனை பேருக்கு நடுவில் தனியாக இருப்பதற்கு எனக்குப் பயிற்சி இல்லை. அழுகை வந்தது. கடல் காற்று கண்ணில் பட்ட மாதிரி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தைரியமாகக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் கோட்டுச்சேரி என்று போர்டு வைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். யாரையும் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவள் எதற்குக் கேட்க வேண்டும்? வண்டி ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போனது. கடல் வரவே இல்லை. கண்டக்டர் வந்து, "திருநள்ளாறு ஒண்ணாம்மா?" என்றார். போர்டைக் காட்டினேன். "அது காலையில போன ட்ரிப் போர்டும்மா, டிரைவர் மாத்தல. ஏறுறப்ப ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல?" என்று சலித்துக்கொண்டார். பஸ்ஸில் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டிருக்கலாம்தான். என் வீட்டுக்காரரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், வேறு குரலில்.

வந்தது வந்தாயிற்று என்று திருநள்ளாற்றிலேயே இறங்கினேன். சனிக்கிழமை இல்லை, அதனால் கூட்டம் நெரிக்கவில்லை. நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முங்கி, கட்டியிருந்த துணியைக் களைந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். துணியோடு பீடையும் போய்விடும் என்று நம்பிக்கை. ஒரு தெலுங்குத் தம்பதி எனக்குப் பக்கத்தில் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தது. கோவையில் பாதித் தெருவுக்குத் தெலுங்கு தெரியும், எனக்கும் காதில் ஏறும். "பனியனும் விட்டாச்சு, வேட்டியும் விட்டாச்சு, இன்னும் என்னத்த விடணுங்கிறே?" என்றார் கணவர். "அந்த வாய் இருக்கே, அத யாரு விடறது?" என்றாள் அந்த அம்மா. நான் சிரித்துவிட்டேன். இரண்டு படி இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தால் என்னைப் பார்த்துத்தான் அதைச் சொல்லியிருப்பாள்.

எள் தீபம் விற்கிறவள் "எத்தன பேருக்கும்மா?" என்றாள். சந்நிதியில் அர்ச்சகர், "குடும்பத்துல எல்லார் பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ" என்றார். பிரபு, சித்திரை. வேணி. நட்சத்திரம் தெரியவில்லை. யாழினி, என் பேத்தி, ஒன்றரை வயது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் ஸ்டேட்டஸ் படமாக மட்டும் பார்த்த குழந்தை. அவளுடைய நட்சத்திரமும் தெரியவில்லை. "பரவால்ல, சுவாமி பேர்ல பண்ணிடறேன்" என்று அவர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி இடித்தார்கள். பத்தாம் வகுப்புக் குழந்தைகளின் பிறந்த தேதியெல்லாம் வரிசையாக ஒப்பிப்பேன். சொந்தப் பேத்தியின் நட்சத்திரம் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். சாமியிடம் ஏதாவது கேட்கலாம் என்று பார்த்தால் வாய் வரவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லை.

மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்தேன். இந்தத் தடவை கேட்டுத்தான் ஏறினேன், அதுவும் இரண்டு தடவை. "வேணி நர்ஸ் வீடா? நம்ம ஊருதாம்மா" என்றார் ஆட்டோக்காரர். கோட்டுச்சேரிமேட்டில் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி அதற்குமேல் போகாது என்று மாரியம்மன் கோயில் வாசலில் இறக்கிவிட்டார். வலையும் கருவாடும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கோயிலடி நிழலில் ஒரு பெண்மணி மீன் விற்ற அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"வேணி வீடு எதுங்க?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வெற்றிலை வாய்க்குப் போகவில்லை. எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சம்மந்தியம்மாவா? மாப்ள செல்லுல உங்க போட்டாவ பாத்துருக்கேன். நான் வேணி அம்மா, அஞ்சல" என்றார். என் படம் அவன் போனில் இருக்கிறது என்பதையே நான் அப்போதுதான் அறிந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். மீன் வாடை அடித்தது. கையை உருவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"வூடு அந்தா இருக்கு, ஊதாப் பெயிண்டு" என்று காட்டினார். நாலாவது வீடு. கொடியில் ஒரு சின்ன மஞ்சள் கவுன் ஆடிக்கொண்டிருந்தது. நான் காலை எடுத்து வைத்தேன். அஞ்சலை கையை விடவில்லை.

"செத்த இருங்க சம்மந்தி. ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்புடுவோம்."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது. பேத்திக்குப் பேர் வைக்கும்போது என்னை அழைக்கலாமா என்று இந்த அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. மொட்டை போட்டுக் காது குத்தும்போதும் கேட்டார்கள். சிவப்பு. முதல் பிறந்தநாளுக்கும் சிவப்பு. "மாப்ள அன்னைக்குச் சாப்புடல. ஆனா என்னா பண்ணுறது? வேணாம்னு இல்ல சம்மந்தி, இப்ப வேணாங்குறா" என்றார்.

கோபம் தலைக்கு ஏறியது. மறைக்கப் போவதில்லை. ஒரு பொட்டலம் பூவா என்னை என் பேத்தியிடமிருந்து இத்தனை நாள் பிரித்து வைத்தது? கேட்கவும் வாயெடுத்தேன். அதற்குள் கைப்பையில் எடுத்து வந்திருந்த அந்த அரளிப் பூக் கைக்குட்டை ஞாபகம் வந்துவிட்டது. வலப்பக்கம் விழுந்த பூவை நான் ஊதித் தள்ளினேன். இவர்கள் சிவப்புக்கு மூன்று முறை கட்டுப்பட்டிருக்கிறார்கள், மனம் கேட்காமலே. இதில் யாரை யார் கேள்வி கேட்பது?

"நானே வந்து நிக்கறேன். இப்பவும் கேக்கணுமாங்க?" என்று மட்டும் சொன்னேன்.

"கடலுக்கு ஆளு போற வூடு. மூணு தரம் கேட்டுக் கட்டுப்பட்டுட்டு, இப்ப கேக்காம உள்ள கூட்டிட்டுப் போனா ஆத்தா மொகத்துல எப்புடி முழிப்பேன்? கரையில நிக்கிறவ வேற எத நம்புறது, சொல்லுங்க."

பூசாரி வந்தார். கோயில் பக்கத்திலேயே அரளியும் நந்தியாவட்டையும் நிற்கின்றன. வாழை இலைத் துண்டில் ஒவ்வொன்றையும் வைத்து மடித்து, நாரால் கட்டி, குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். "நீங்களே எடுங்கம்மா" என்றார்.

இரண்டில் ஒன்று. அரைக்கு அரை. ஏற்கெனவே மூன்று முறை சிவப்பு வந்தது என்பதால் இப்போது வெள்ளை வர வாய்ப்புக் கூடுதலாகிவிடாது, முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். மூளை இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தது. வீடு கண்ணெதிரே இருக்கிறது, நடந்து போய்க் கதவைத் தட்டு, யார் தடுக்கப் போகிறார்கள் என்றும் சொன்னது. அந்த மூளை சொன்னதைக் கேட்டுத்தான் இந்த மூன்று நாளும் பதினோரு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினேன். "எனக்குத் தெரியலம்மா. நீயே சொல்லு" என்றேன். தெரியவில்லை என்ற வார்த்தையை வகுப்பிலும் வீட்டிலும் நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொன்னதும் நெஞ்சில் ஏதோ லேசானது.

எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

அஞ்சலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வெறும் களைப்பாக இருந்தது. மஞ்சள் கவுனை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். படிவம் இருந்த உறையை அவர் கையில் கொடுத்து, "தம்பிகிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லுங்க. நான் வரட்டுங்களா?" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி."

"இல்லீங்க. கேட்டோம், சொல்லிட்டா."

மினி பஸ் நிற்கிற இடம் ஊர் முனையில். ஒரு சிமெண்டு பெஞ்சு, மேலே பாதி ஓடு இல்லை. பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. உட்கார்ந்தேன். கோவைக்கு ஆறு மணி நேரப் பயணமோ எட்டு மணி நேரப் பயணமோ, அந்தப் பக்கம் எனக்காகத் திறக்கிற கதவு ஒன்றும் இல்லை. நானேதான் பூட்டைத் திறக்க வேண்டும், நானேதான் விளக்கைப் போட வேண்டும். அந்தப் பெஞ்சில் இருந்தபோது வந்த தனிமையை என் வீட்டுக்காரர் போன அன்றுகூட நான் உணர்ந்ததில்லை. ஆனால் ஒன்று. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ சொன்னதைக் கேட்டுத் திரும்பியிருக்கிறேன். அது தப்பு என்று தோன்றவே இல்லை.

மண்ணில் ஆள் ஓடிவருகிற சத்தம். பிரபு. காலில் செருப்பு இல்லை. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே வந்து மூச்சு வாங்க நின்றான்.

"அத்தை வந்து சொன்னாங்க. சிவப்பு வந்ததும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம திரும்பிட்டீங்களாமா?"

"ஆமா."

"நீங்களா?"

"நாந்தான்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். உதடு கோணிக்கொண்டு போய்விட்டது. "வீட்டுக்கு வந்தா மொகம் குடுத்துப் பேசக் கூடாதுன்னு அஞ்சு வருஷமா நெனச்சு வச்சிருந்தேம்மா. நீங்க வரவே இல்லாம திரும்பிட்டீங்க" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என் கணக்குப்படி போய்க் கதவைத் தட்டியிருந்தால் ஒரு நாற்காலி போட்டிருப்பான், காபி வந்திருக்கும், கையெழுத்தும் கிடைத்திருக்கும். மகன் கிடைத்திருக்கமாட்டான்.

"ஆத்தா வேணாம்னுட்டாளேடா" என்றேன் பயந்துபோய்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'வூட்டுக்குத்தான் ஆத்தா வேணாம்னா. பஸ் ஸ்டாப்ப பத்தி நாம கேக்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல. ஓடுங்க மாப்ள'ன்னு வெரட்டி விட்டுட்டாங்க."

கைப்பையைத் திறந்து கைக்குட்டையை அவனிடம் கொடுத்தேன். "உங்கப்பா உனக்காகப் பூ கேட்டாரு. வலது பக்கந்தான் விழுந்துச்சு. அவரு சொன்னாரு, நாந்தான் கேக்கல. தப்பு எம்மேலதான்" என்றேன். அப்பா பூக் கேட்டது அவனுக்குத் தெரியாது. சருகை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். பிறகு குழந்தையை என் மடிக்கு மாற்றினான். அவள் விழிக்கவில்லை. கனமாக, சூடாக, பால் வாசனையோடு கிடந்தாள்.

"என்ன நட்சத்திரம்?" என்று கேட்டேன்.

"ரோகிணி."

பஸ் வருகிற சத்தம் கேட்டது. என் ஆயுளில் ஒரு பஸ் சீக்கிரம் வந்துவிட்டதே என்று நொந்துகொண்டது அன்றுதான். படிவத்தைக் கேட்டேன். பிரபு சட்டைப் பையிலிருந்து எடுத்தான். கையெழுத்துப் போடவில்லை. நாலாக மடித்துத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். "வண்டிய விக்க வேண்டாம். அடுத்த மாசம் நாங்க மூணு பேரும் வந்து எடுத்துக்கறோம்" என்றான். எடுத்த வேலையை முடிக்காமல் ஊர் திரும்புகிறவள் இல்லை நான். இந்தத் தடவை சந்தோஷமாகத் திரும்பினேன்.

குழந்தையைக் கொடுத்துவிட்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்த பிறகும் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தார்.

"கூட வந்தவங்க ஏறலியாம்மா?"

பன்னிரண்டாவது ஆள். "அவங்க அடுத்த மாசம் வர்றாங்க" என்றேன்.